பலகை எழுப்பும் குழு

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன். ஆனா கொஞ்சம் இரு, தொப்பி மாட்டிட்டு வந்திடறேன்."

"தொப்பியா? ஆபீஸுக்குள்ள எதுக்குங்க தொப்பி?"

"இரு, இரு. லைன்லயே இரு."

அவள் லைனிலேயே இருந்தாள். அப்பா குடியிருக்கும் மூன்றாவது மாடிக்குப் போகிற படிக்கட்டில், அவர் வழுக்கி விழுந்த அதே படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. 'டிக்' என்று எதுவோ எதிலோ பொருந்தியது. "சார், டீ வந்தாச்சு" என்றது ஒரு குரல். பிறகு அவள் கணவரின் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போய், டீ இருக்கும் திசையில் மறைந்தது. போன் மட்டும் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அதில் சார்ஜ் தீரும்வரை, ஓர் அலுவலகம் எப்படி டீ குடிக்கிறது என்பதை அவள் முழுமையாகக் கேட்டு முடித்தாள்.

அது போன மாதம். ஒரு விதத்தில் பார்த்தால், அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.

இதை வைத்து, காது கொடுத்துக் கேட்காத மனிதர் என்று அவரைப் பற்றி யாரும் அவசர முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கேட்பதுதான் அவருடைய உத்தியோகமே. மனித குலம் இதுவரை எழுப்பிய கட்டடங்களிலெல்லாம் உன்னதமானது கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை, குறைகேட்பு அலுவலகம்தான். மற்ற இடங்களில் நாற்காலியில் இருப்பவர்கள் பேசுவார்கள், நிற்பவர்கள் கேட்பார்கள். இங்கே மட்டும்தான் நிற்பவர்கள் பேசலாம், நாற்காலியில் இருப்பவர்கள் கேட்பார்கள். இப்படிப்பட்ட புண்ணிய ஸ்தலத்தில் அவள் கணவர் இன்ஜினியர். அவள் அதே அலுவலகத்தில், கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் சுருக்கெழுத்தர். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். அலுவலக வாசலில் ஸ்டாண்டு போட்ட மறுநிமிடம் 'ஏங்க' என்பது 'சார்' ஆகிவிடும்; 'இந்தாம்மா' என்பது 'மேடம்' ஆகிவிடும். அந்த அளவுக்கு ஒழுக்கமான தம்பதி.

அந்த அலுவலகத்துக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்திருந்தது. அதன் பெயர் 'குறைகேட்கும் பெட்டி'. ஆள் உயரம், பளபளவென்று கண்ணாடி முகம், வாய் இருக்கவேண்டிய இடத்தில் பேசுவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். பொதுமக்கள் இனி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம் குறை சொல்லத் தேவையில்லை. குமாஸ்தா கொட்டாவி விடுவார், பெட்டி விடாது. குமாஸ்தா 'நாளைக்கு வாங்க' என்பார். பெட்டிக்கு நாளை என்பதே தெரியாது. ஆகவே ஜன்னலை மூடிவிட்டார்கள். ஜன்னலில் இருந்த குமாஸ்தாக்கள் பெட்டியைக் கண்காணிக்க மேல்மாடிக்கு உயர்த்தப்பட்டார்கள்.

எல்லாம் கச்சிதமாக முடிந்திருந்தது. ஒரே ஒரு சின்ன விஷயம். பெட்டி வேலை செய்யவில்லை.

பெட்டி என்பது வெறும் உடம்பு. அதற்குள்ளே உயிராக இருந்தது, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு பலகைக் கம்ப்யூட்டர். ஒரு பெரிய அடிப்பலகையின்மேல் அந்தச் சின்னப் பலகையைப் பொருத்தி வைத்திருந்தார்கள். கரண்டு கொடுத்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். கண்ணாடி முகம் இருண்டபடியே இருந்தது.

உடனே கூட்டம் கூட்டினார் இயக்குநர். பிரச்சினை வந்தால் கூட்டம் கூட்டுவார். பிரச்சினை இல்லையென்றால், ஏன் இல்லை என்று கூட்டம் கூட்டுவார்.

"போர்டு பூட் ஆகல சார்" என்றார் இன்ஜினியர்.

இயக்குநர் கையை உயர்த்தினார். "மேடம், அப்படியே எழுதிடாதீங்க. 'பூட்'டுன்னு எழுதினா, மேல இருக்கிறவங்க ஏதோ பூட்டு கெட்டுப்போச்சுன்னு படிப்பாங்க. ஆசாரியை அனுப்பி வெச்சாலும் வெப்பாங்க. நல்ல தமிழ்ல எழுதுங்க. 'பலகை எழவில்லை.'"

கொள்முதல் அதிகாரி தயங்கினார். எந்த யோசனைக்கும் முதலில் தயங்கி, பிறகு அதை வாங்கச் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். "சார், அதைச் சேர்த்துப் படிச்சா 'எழவு இல்லை'ன்னு வருது."

"அப்போ ரொம்ப நல்லது. சாகலைன்னு தெரிஞ்சுடும் இல்ல?"

இப்படியாகத் தொடங்கியது 'பலகை எழுப்பும் குழு'. தலைவர் இயக்குநர். உறுப்பினர்கள் இன்ஜினியரும் கொள்முதல் அதிகாரியும். குறிப்பு, மேடம்.

"சிவப்பு விளக்கு எரியுது சார். அப்போ கரண்டு வருது" என்று விளக்கினார் இன்ஜினியர். "பக்கத்துல ஒரு பச்சை விளக்கு இருக்கு. அது மினுக்கினாத்தான் போர்டு யோசிக்குதுன்னு அர்த்தம். இது மினுக்கல."

"அதாவது கரண்டு வாங்கிக்குது, யோசிக்கல."

"ஆமா சார்."

"நம்ம ஆபீஸ்ல பல பேர் அப்படித்தான் இருக்காங்க" என்றார் இயக்குநர்.

கொள்முதல் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் தன்னையே பார்ப்பது தெரிந்து பாதியில் நிறுத்தினார். அவள் 'விவாதம் பயனுள்ளதாக இருந்தது' என்று குறித்துக்கொண்டாள்.

*

அன்று மாலை வீட்டில், கணவர் முன்னறைக்குள் போனார். அந்த வீட்டில் அதை முன்னறை என்று அவள் மட்டும்தான் சொல்வாள். அவர் 'லேப்' என்பார். வெளிச்சமும் காற்றும் அந்த வீட்டுக்குள் முதலில் வந்து சேரும் அறை. தரைமட்டத்தில், ஒரு படிகூட ஏறாமல் உள்ளே வந்துவிடலாம். ஆனால் உள்ளே வர இடமில்லை. கல்யாணமான புதிதிலிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த பழைய பலகைகளும் ஒயர்களும் தலையில்லாத கணினிகளும் கட்டிலின்மேல், கட்டிலின்கீழ், அலமாரியில், ஜன்னல் திட்டில் என்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. எதையும் அவர் தூக்கிப் போடமாட்டார். "செத்துப்போச்சுன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்? ஒருநாள் எழுந்துக்கும்" என்பார். கருணையே உருவானவர்.

ஆபீஸ் பெட்டியின் சின்னப் பலகையை மட்டும் கழற்றி, அவர் ஒரு துணியில் பொதிந்து வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். "என்னடா கண்ணு, என்ன ஆச்சு உனக்கு? எங்க வலிக்குது? சொன்னாத்தானே தெரியும்?" என்று கேட்டார்.

வாசற்படியில் டீயோடு நின்ற அவள், அந்தக் கேள்வியைச் சற்றுநேரம் ரசித்தாள். இவ்வளவு இதமாக ஒரு மனிதர் கேட்கும்போது பதில் சொல்லாமல் கிடக்க, அது நிச்சயமாகப் பலகையாகத்தான் இருக்கவேண்டும்.

"ஏங்க."

"ம்."

"அன்னிக்குப் போன்ல ஒண்ணு கேக்க வந்தேனே..."

"கேளும்மா" என்றார் அவர், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இரு. இந்தக் கால் ஒண்ணு வளைஞ்சிருக்கா பாக்கறேன்."

கேட்டுவிடலாம்தான். ஒரே மூச்சில் கேட்டு முடிக்கிற விஷயம்தான். ஆனால் சிலவற்றை ஒருவருடைய முதுகிடம் கேட்க முடியாது.

விஷயம் இதுதான். அப்பா வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை விற்கப்போகிறார்கள். இந்த மாதத்தோடு காலி செய்யவேண்டும். அம்மா போனபின் அங்கே தனியாகத்தான் இருக்கிறார். முழங்கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "எங்க வீட்டுக்கு வாங்கப்பா" என்று அவள் கூப்பிட்டாயிற்று, நூறு தடவை. அப்பா சிரிப்பார்.

"நீ கூப்பிட்டா அது பாசம்மா. மாப்பிள்ளை கூப்பிட்டாத்தான் அது இடம்."

"அவர் வேண்டாம்னா சொல்றாரு?"

"வேண்டாம்னு சொல்லல. வாங்கன்னும் சொல்லலையே? நீ போய் அவரைக் கட்டாயப்படுத்தாதே. எனக்கென்ன, ஒரு முதியோர் இல்லம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ராஜ வாழ்க்கை! லைட்டை அவங்களே அணைச்சுடறாங்க. டிவியில என்ன பார்க்கறதுன்னு நாம யோசிக்கவே வேண்டாம், அவங்களே வெச்சுடறாங்க. பக்கத்துக் கட்டில்காரர் பேசவே மாட்டார். நல்ல மனுஷன்."

"எப்போ சொல்லணும் அவங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா ஜன்னலோரக் கட்டில்."

அந்த ஜன்னலோரக் கட்டில் என்ற வார்த்தை அன்றிலிருந்து அவள் காதை விட்டுப் போகவில்லை. கணவர் ஒரு போன் செய்து, 'வாங்க மாமா' என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லக்கூடியவர்தான். கேட்டால் உடனே செய்துவிடக்கூடியவர்தான். கேட்கத்தான் முடியவில்லை. அவள் கேட்க நினைக்கிறாள், அவர் கேட்கமாட்டேன் என்கிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

*

பலகை எழுப்பும் குழு அயராமல் கூடியது.

முதலில் கரண்டைச் சந்தேகித்தார்கள். கரண்டு தரும் அடாப்டரை மாற்றினார்கள். சிவப்பு விளக்கு முன்பைவிட அழகாக எரிந்தது. அடுத்து ஒயரைச் சந்தேகித்தார்கள். அடுத்து கண்ணாடி முகத்தைச் சந்தேகித்து, அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். அது அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நன்றாக வேலை செய்தது. கண்ணாடியின் விசுவாசமின்மை கூட்டத்தில் வன்மையாகக் கண்டிக்கப்பட்டது.

"சார், சின்ன போர்டு அடிப்பலகையில சரியா உட்காரலையோன்னு ஒரு சந்தேகம்" என்றார் இன்ஜினியர்.

இயக்குநர் நிமிர்ந்தார். "எந்திரிக்கல, எந்திரிக்கலன்னு இத்தனை நாள் சொன்னீங்க. இப்போ உட்காரவே இல்லைங்கறீங்க?"

"உட்கார்ந்தாத்தான் சார் எந்திரிக்கும்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு ஆழமான கருத்தை நான் கேட்டதில்லை. மேடம், எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன் சார்."

எல்லோர் முன்னிலையிலும் பலகையைக் கழற்றி, தூசி ஊதி, மறுபடி உட்காரவைத்தார்கள். 'டப்' என்று அழகாக உட்கார்ந்தது. எழவில்லை.

"உட்கார்ந்த சுகம் கண்டுடுச்சு" என்றார் இயக்குநர் வருத்தத்துடன். அவருக்குத் தெரியாததா?

கொள்முதல் அதிகாரி தயங்கினார். "சார், இன்னொரு புது போர்டு வாங்கிட்டா என்ன?"

வாங்கினார்கள். பளபளக்கும் புதுப் பலகை. அதே அடிப்பலகையில் உட்காரவைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவும் எழவில்லை.

எல்லோரும் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இயக்குநர்தான் மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"தொத்திக்கிச்சு."

"சார்?"

"பழைய போர்டுகிட்டேருந்து புதுசுக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சது யாரு?"

இன்ஜினியர் மறுப்பதற்கு வாய் திறந்தார். ஆனால் மறுத்துவிட்டால் வேறு காரணம் சொல்லவேண்டியிருக்கும். அது அவரிடம் இல்லை. ஆகவே அறிவியல் மனப்பான்மையோடு தலையாட்டினார். அன்று முதல் இரண்டு பலகைகளும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு டப்பாவில், 'யாரும் தொடக்கூடாது' என்ற எச்சரிக்கையோடு வைக்கப்பட்டன.

இதற்கிடையில் கீழ்த்தளத்தில், வேலை செய்யாத பெட்டியின் முன்னால் வரிசை நின்றுகொண்டேதான் இருந்தது. ஜன்னலை மூடிவிட்ட பிறகு மக்கள் எங்கே போவார்கள்? வரிசையில் முதலில் எப்போதும் ஒரே ஆள். அவரைத் தெருவிளக்குக்காரர் என்றே எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டு வாசலில் உள்ள தெருவிளக்கு பகலெல்லாம் எரிந்து, இருட்டியதும் அணைந்துவிடுகிறது என்பது அவருடைய குறை. தினமும் வந்து, இருண்ட கண்ணாடிக்கு வணக்கம் வைத்து, முழுக் குறையையும் சொல்லிவிட்டுப் போவார்.

"ஐயா, அது இன்னும் வேலையே செய்யல" என்று அவள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"தெரியும்மா. ஆனா முன்ன ஜன்னல்ல இருந்தவரு நான் வாய் தொறந்ததும் குறுக்க பேசுவாரு. இது கடைசி வரைக்கும் கேக்குது. நல்ல பெட்டிம்மா."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் அந்த ஓட்டைகளுக்கு அருகில் போய் வாயைத் திறந்தாள். அதற்குள் மேலிருந்து "மேடம், கூட்டம்!" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

*

வியாழக்கிழமை மாலை ஸ்கூட்டரில் வரும்போது, பின்னால் உட்கார்ந்தபடி அவள் ஆரம்பித்தாள். முதுகிடம் கேட்பதில்லை என்ற கொள்கையைக் கூடக் கைவிட்டாள். அடுத்த நாள் வெள்ளி.

"ஏங்க, எங்கப்பா..."

"என்னது, எங்கப்பாவா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்கப்பா இல்லைங்க, எங்கப்பா!"

"ஒண்ணும் கேக்கல! வீட்ல போய்ப் பேசிக்கலாம்!"

வீட்டில் போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் வாசலிலேயே இயக்குநரிடமிருந்து போன். நாளை மறுநாள் மேலிடத்திலிருந்து பெட்டியைத் திறந்துவைக்க வருகிறார்களாம். நாளைக்குள் எழுப்பியாகவேண்டும். அவர் போனைக் காதில் வைத்தபடியே செருப்பைக் கழற்றி, லேப்புக்குள் போய், கதவைச் சாத்தப்போனார். பாதிக் கதவு இடுக்கில் தலையை நீட்டி, அவளைப் பார்த்து, மிகுந்த அன்போடு விரல்களைக் குவித்துக் காட்டினார். கொஞ்சம் இரு.

அடுப்படியில் அவள் போன் அடித்தது. அப்பா.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்லிடறேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்மா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சொல்லாதீங்கப்பா."

"ஏன், அவர்கிட்ட கேட்டுட்டியா?"

"லைன்லதான் இருக்கேம்ப்பா" என்றாள் அவள்.

*

வெள்ளிக்கிழமைக் கூட்டம், நிலைமையின் தீவிரம் கருதி, கீழ்த்தளத்திலேயே பெட்டியின் முன்னால் கூடியது. வரிசையில் நின்ற மக்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்று அவர்களுக்குப் பழக்கம்தான். பெட்டியின் முதுகுக் கதவு திறந்து கிடந்தது. டப்பாவிலிருந்து விடுதலையான பழைய பலகை, அடிப்பலகையில் மறுபடி உட்கார்ந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "முதல்லேருந்து வருவோம். இது எப்பவாவது எழுந்திருக்கா, இல்லையா?"

"எழுந்திருக்கு சார்!" என்றார் இன்ஜினியர், ஒரு தகப்பனின் ரோஷத்தோடு. "போன மாசம் ஒருநாள் காலையில ஜம்முனு எழுந்தது. பெட்டி பேசறதுக்கு என் குரலையே பதிவு பண்ணி ஏத்தினேன். போட்டுக்கூடப் பார்த்தேன். நடுவுல ஒரு இருமல் விழுந்திருந்தது. சரி, மாத்தி ஏத்திடலாம்னு..."

"ஏத்தலாம்னு?"

"ஏத்தலாம்னு உட்கார்ந்தேன் சார்."

"அப்புறம்?"

இன்ஜினியர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பச்சை விளக்கு மினுக்கவில்லை. "அப்புறம்... டீ குடிச்சேன்."

குறிப்பெழுதும் மேடம் கூட்டத்தில் பேசக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. இதுவரை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

"அதுக்கு முன்னாடி தொப்பி மாட்டினீங்க சார்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

எல்லோரும் இன்ஜினியரின் தலையைப் பார்த்தார்கள். அது எந்தத் தொப்பியின் சுவடும் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் தன் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம் சொல்றீங்க?"

"நான் போன் பண்ணினேன் சார். கொஞ்சம் இரு, தொப்பி மாட்டிட்டு வந்திடறேன்னு சொன்னீங்க. மாட்டினீங்க. டிக்குனு கேட்டுச்சு." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "வரல."

இன்ஜினியரின் முகத்தில் ரத்தம் இறங்கிவிட்டு மறுபடி ஏறியது. அவர் மண்டி போட்டு, பெட்டியின் முதுகுக்குள் தலையை விட்டார். சின்னப் பலகையை அவர் பார்க்கவில்லை. இத்தனை நாளும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பலகையின் மூலையைப் பார்த்தார். அங்கே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மெல்லிய ஊசிகளுக்கு மேல், அரிசிமணி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி மாட்டப்பட்டிருந்தது.

"இது என்ன?" என்றார் இயக்குநர், குனிந்து.

"இது... இதைத்தான் சார் நாங்க தொப்பின்னு சொல்லுவோம். போர்டுக்குப் புதுசா எதையாவது ஏத்தணும்னா இதை மாட்டுவோம். மாட்டிட்டா அது தானா எழாது. வெளியேருந்து நாம ஏதோ சொல்லப்போறோம்னு கேட்டுக்கிட்டே காத்திருக்கும். ஏத்தி முடிச்சதும் தொப்பியைக் கழட்டணும்."

"கழட்ட மறந்துட்டீங்களா?"

"ஏத்தவே மறந்துட்டேன் சார். டீ வந்துடுச்சு."

"அப்போ அந்தப் புது போர்டு?"

"அதையும் இதே அடிப்பலகையிலதான் சார் உட்கார வெச்சோம். அதுவும் காத்துக்கிட்டு இருந்திருக்கு."

"அப்போ தொத்தல?"

"இல்ல சார். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ரிப்பேரே இல்ல. இரு, சொல்றேன்னு சொன்னோம். சொல்லாம போயிட்டோம். அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு, பாவம்."

இதைக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்த பென்சில், 'பாவம்' என்ற இடத்தில் கொஞ்சநேரம் நின்றது.

"மேடம், 'குழுவின் தொடர் முயற்சியால் தடை கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது'ன்னு போட்டுக்கங்க" என்றார் இயக்குநர்.

இன்ஜினியர் இரண்டு விரல் நகத்தால் தொப்பியைப் பிடுங்கினார். கரண்டு கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில், வெட்கப்படுகிற மாதிரி ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, பிறகு நிறுத்தாமல், பச்சை விளக்கு மினுக்கியது. கண்ணாடி முகம் வெளுத்தது. கொள்முதல் அதிகாரி தயங்காமல் கைதட்டினார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மக்களும் தட்டினார்கள், எதற்கென்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டி பேசியது. அவள் கணவரின் குரல். ஆனால் அவள் அதுவரை கேட்டே இராத ஒரு குரல். நிதானமாக, நேராக, முகத்தைப் பார்த்துப் பேசுகிற குரல்.

"வணக்கம். உங்கள் குறையைக் கேட்கவே, க்ஹும், நான் இருக்கிறேன். அவசரமே இல்லை. மனம்விட்டுச் சொல்லுங்கள்."

"அற்புதம்!" என்றார் இயக்குநர். "சோதனைக்கு யாராவது ஒரு குறை சொல்லிப் பாருங்க. சும்மா, சின்னதா. யாரு முதல்ல?"

வரிசையின் முதல் ஆள் தெருவிளக்குக்காரர். அவர் ஓர் அடி எடுத்துவைத்தார். பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தார். பென்சிலை அவள் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"நீ முன்னாடி போம்மா" என்று விலகி வழிவிட்டார். "என் விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும்."

அவள் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றாள். பக்கத்தில் மண்டியிட்ட நிலையிலேயே இன்ஜினியர் புன்னகையோடு அண்ணாந்து பார்த்தார். அவருக்கு ஒரே பெருமை. தன் பெட்டியின் முதல் குறை, தன் மனைவியின் வாயால்!

"குறை சொல்பவர் யார்?" என்று கேட்டது பெட்டி.

"பெண்டாட்டி."

"யார்மேல் குறை?"

"இந்தக் குரல்மேல."

இயக்குநர் இருமினார். பெட்டியின் இருமலைவிட அது சுத்தமாக இருந்தது. இன்ஜினியரின் புன்னகை இருந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. கையில் அந்தக் கறுப்புத் தொப்பி.

"உங்கள் கோரிக்கை என்ன? சொல்லுங்கள், கேட்கிறேன்."

அவள் பெட்டியை விட்டுத் திரும்பினாள். அலுவலகத்துக்குள் முதன்முறையாக, 'சார்' என்பதை வாசலிலேயே விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஏங்க, எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, 'நம்ம வீட்டுக்கு வந்திடுங்க மாமா'ன்னு நீங்க கூப்பிடணும். இன்னிக்கே. முன்னறையில செத்துக் கிடக்கிறதையெல்லாம் வருஷக்கணக்கா எழுப்பிக்கிட்டு இருக்கீங்க. உயிரோட இருக்கிற ஒரு மனுஷன், நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா எழுந்து வந்துடலாம்னு, தொப்பி மாட்டி உட்கார்ந்திருக்காருங்க."